ஒன்பது ஃபீல்டர்கள், நான்கு நினைவுகள்

2010 ஜனவரியில் மைசூரு கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பை இறுதிப் போட்டி இன்னும் கர்நாடக ரசிகர்களுக்கு வலிக்கும். மும்பைக்கு எதிராக 338 ரன்னை விரட்டி, 331-ல் ஆல் அவுட். வெறும் ஆறு ரன்னில் கோப்பை போனது. மணீஷ் பாண்டேயின் 144 ரன்னைப் பற்றி எவ்வளவோ பேசிவிட்டோம். இவ்வளவு நீண்ட விரட்டலில் பேட்டரின் கண் நினைவு படும் பாட்டை மட்டும் யாரும் பேசுவதில்லை.

ஒவ்வொரு பந்துக்கும் முன் பேட்டர் மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார். பிறகு பார்வை பவுலர் மீது பதிந்துவிடும். அதன்பின் ஒன்பது ஃபீல்டர்களில் பெரும்பாலோர் நினைவில்தான் நிற்கிறார்கள்.

அந்த நினைவில் இடம் குறைவு. 1997-ல் லக், வோகல் என்ற ஆய்வாளர்கள் வண்ணச் சதுரங்களைக் கணநேரம் காட்டி மறைத்து, மறுபடி காட்டியபோது ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டார்கள். மூன்று, நான்கு சதுரம் வரை பிழையே இல்லை எனலாம். அதற்கு மேல் தடுமாற்றம். நிறத்தோடு சாய்வையும் சேர்த்து நினைவில் வைக்கச் சொன்னபோதும் அந்த எண்ணிக்கை குறையவில்லை. மனம் நிறத்தையும் சாய்வையும் தனித்தனியாகச் சேமிப்பதில்லை, முழுப் பொருளாகவே எடுத்துக்கொள்கிறது என்றார்கள். 2008-ல் பேஸ், ஹுசைன் என்ற ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள்: கறாரான எண்ணிக்கை எல்லை கிடையாது, பொருள்கள் கூடக்கூட ஒவ்வொன்றின் துல்லியமும் மங்குகிறது.

கிரிக்கெட்டுக்கு இரண்டாவது கருத்தே பொருந்துகிறது என்பேன். கவரில் ஆள் இருப்பது நினைவிருக்கும். அவர் இரண்டு கஜம் தள்ளி நிற்பது இருக்காது. பவுண்டரி கேட்ச் ஆவது அந்த இரண்டு கஜத்தில்தான். நல்ல பேட்டர் ஒன்பது ஆட்களைச் சுமப்பதில்லை, மூன்று நான்கு இடைவெளிகளைச் சுமக்கிறார் என்பது என் கணிப்பு. இரண்டு ஸ்லிப்பும் கல்லியும் அவருக்கு ஒரே சுவர்.

பவுலர் ஓடத் தொடங்கியபின் ஃபீல்டர் கணிசமாக இடம் மாறுவது நியாயமற்றது என்கிறது ஆட்ட விதி. நினைவை நம்பி நிற்கும் பேட்டருக்கு அது பெரிய பாதுகாப்பு. அதற்கு முன் சத்தமில்லாமல் ஒருவரை நகர்த்துவது கேப்டனின் உரிமை, திறமையும்கூட.

வலைப்பயிற்சியில் இந்த நினைவைப் பழக்க யார் நேரம் ஒதுக்குகிறார்கள்? ஒன்பது கூம்புகளை வைத்து, பையனைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒன்றை மட்டும் நகர்த்திவிட்டு எது நகர்ந்தது என்று கேட்கலாம். கங்கோத்ரி கிளேட்ஸ் மைசூர் பல்கலைக்கழகத்தின் மைதானம். அந்தப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1924-லேயே தொடங்கிவிட்டது. பயிற்சியாளரும் உளவியலாளரும் சந்திக்க அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.