பழைய ஜெர்மன் செடானை விற்று இன்னோவா ஹைக்ராஸ்: கணக்கு சரியா?

பன்னிரண்டு வயதான ஜெர்மன் டீசல் செடானுக்கு எங்கள் வட்டாரத்தில் இரண்டு விலை உண்டு. ஒன்று சொந்தக்காரர் மனதில் இருப்பது. இன்னொன்று திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டே கார் புரோக்கர் சொல்வது. இரண்டாவதைக் கேட்டதும் பலர் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் ஷெட்டில் நிறுத்திவிடுகிறார்கள். நாங்கள் விற்றோம். அந்த இடத்துக்கு வந்திருப்பது டொயோட்டா இன்னோவா ஹைக்ராஸ்: ஹைப்ரிட், இசட் எக்ஸ் வகை, ஏழு இருக்கை. பிரம்மதேசத்தில் நிற்கும் இந்த வண்டி மேற்கே திண்டிவனம், கிழக்கே மரக்காணம், மாதம் சில முறை சென்னை என்று ஓடுகிறது. கொடுத்ததையும் வாங்கியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் விமர்சனம் இது.

விற்ற வண்டியின் அருமை

முதலில் செடானுக்கு நியாயம் செய்துவிடலாம். ஜி.எஸ்.டி. சாலையில் ஒலக்கூர் தாண்டி வண்டி ஓட்டத்துக்கு வந்துவிட்டால் அதற்கு இணை கிடையாது. எட்டு கியர் ஆட்டோமேட்டிக் எப்போது மாறுகிறது என்றே தெரியாது. நூறில் போகும்போதும் உள்ளே சாதாரணக் குரலில் பேசலாம். ஸ்டீயரிங் கையில் சொல்வதைச் சக்கரம் உடனே கேட்கும். பன்னிரண்டு ஆண்டு கழித்தும் கதவைச் சாத்தினால் வரும் அந்தக் கனமான சத்தம் மாறவில்லை.

சிக்கல் நெடுஞ்சாலையில் இல்லை, அதை விட்டு இறங்கினால்தான். வர்ணம் அடிக்காத வேகத்தடை எங்கே இருக்கிறது என்பதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இத்தகைய கார்கள் பலவற்றில் காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர்தான் இருக்கும், ஸ்டெப்னி இருக்காது. நகரத்தில் அது வசதி. ராத்திரி ஒன்பது மணிக்கு உப்பளத்துப் பக்கம் டயர் கிழிந்தால், அந்த அளவு டயர் வைத்திருக்கும் கடை அக்கம்பக்கத்தில் எங்கே? உரிய பணிமனை எங்களுக்குச் சென்னையில். பிரேக் பேட் மாற்றுவதே ஒரு நாள் வேலை. பத்து வயதுக்கு மேல் ரப்பர் புஷ், எஞ்சின் மவுன்ட், சென்சார் என்று ஒவ்வொன்றாக முறை வைத்து வரும். வண்டியின் விலை விழுந்துவிடும்; அதன் உதிரிபாகத்தின் விலை விழாது. பழைய சொகுசுக் காரின் உண்மையான செலவு இதுதான். பணிமனை எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு அந்தச் செலவு கூடும்.

அதைவிடப் பெரிய காரணம் எங்கள் ஆயா. தாழ்வான பின் இருக்கையில் உட்காருவதற்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும், எழுவதற்கு இருவர். மயிலம் முருகன் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ குடும்பமாகப் புறப்பட்டால், ஐந்து பேர் காரில், மீதிப் பேர் பஸ்ஸில்.

விற்கும்போது

புரோக்கர் வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி சூப்பர்ண்ணே. எடுக்கத்தான் பார்ட்டி இல்ல." அவர் சொன்னதில் பொய் இல்லை. இதை வாங்கும் வசதி இருப்பவர் புதுசு வாங்குகிறார். இந்த விலைக்குக் கார் தேடுபவர் பராமரிப்புக்குப் பயப்படுகிறார். வடக்கே இருந்தும் ஓர் அழுத்தம் உண்டு. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கே செல்லாத சொகுசு டீசல்கள் சல்லிசு விலைக்கு மற்ற மாநிலங்களுக்கு வரத் தொடங்கின. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லாவிட்டாலும் விலை மட்டும் இங்கேயும் இறங்கியது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று: "ஃபெஞ்சல்ல தண்ணியில நின்ன வண்டியா?" 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய அந்தப் புயல் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அதற்குப் பிறகு விழுப்புரம் மாவட்டத்தில் பழைய கார் பார்ப்பவர்கள் கிலோமீட்டருக்கு முன்பே கால்மிதியைத் தூக்கி, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நல்ல பழக்கம். நீங்கள் பழைய கார் வாங்கும்போதும் இதைச் செய்யுங்கள்.

விற்பவர்கள் மறக்கக் கூடாத வேலைகள் சில உண்டு. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாறிவிட்டதா என்பதைப் பரிவாகன் தளத்தில் நீங்களே பாருங்கள். கடன் பாக்கி இருந்த வண்டி என்றால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். 'டெலிவரி நோட்' ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட முடியாது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கு வரும்.

அடுத்து, என்.சி.பி. எனப்படும் கிளெய்ம் இல்லாச் சலுகை. அது காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டு தொடர்ந்து கிளெய்ம் செய்யாதவருக்குச் சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று வாங்கி வைத்தால் 3 ஆண்டுக்குள் புதுக் காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். முப்பது லட்ச ரூபாய் வண்டியில் அது பெரிய தொகை. கடைசியாக, ஃபாஸ்டேக்கை மூடுங்கள். மூடாவிட்டால் வாங்கியவர் விக்கிரவாண்டி தாண்டும்போதெல்லாம் பணம் உங்கள் கணக்கில் இருந்து போகும்.

ஏறி உட்கார்ந்தால்

2022 நவம்பரில் அறிமுகமான ஹைக்ராஸ் பெயரில்தான் இன்னோவா. 2005-ல் குவாலிஸின் இடத்துக்கு வந்த முதல் இன்னோவாவும், 2016-ல் வந்த கிரிஸ்டாவும் லாரியைப் போல் தனிச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிய வண்டிகள். உந்துவது பின் சக்கரம், எஞ்சின் பெரும்பாலும் டீசல். ஹைக்ராஸில் மூன்றுமே இல்லை. காரைப் போல் ஒரே கூடாக அமைந்த உடல், முன் சக்கர உந்துதல், பெட்ரோல் மட்டும். சட்டம் போனதால் தரை தாழ்ந்தது. முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் கிரிஸ்டாவைவிட 100 மில்லிமீட்டர் கூடி 2,850 ஆனது.

இதன் பலன் ஏறும்போதே தெரிகிறது. செடானில் கீழே விழுவது போல உட்கார வேண்டும், பழைய இன்னோவாவில் கால் தூக்கி ஏற வேண்டும். இதில் இருக்கை இடுப்பு உயரத்திலேயே இருக்கிறது. ஆயா திரும்பி நின்று அப்படியே உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார். "இனிமே என்னைப் புடிக்க வேணாம், கதவைத் தொறந்தா போதும்" என்று சொல்லிவிட்டார். இந்த வண்டிக்கு இதைவிட நல்ல மதிப்பெண் நான் போட முடியாது.

நடு வரிசையில் இரண்டு தனித்தனி கேப்டன் இருக்கைகள். பொத்தானை அழுத்தினால் கால் தாங்கி எழுந்து வரும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வழியில் பிள்ளைகள் கடைசி வரிசைக்கு ஓடிவிடுகிறார்கள். இருக்கையை மடக்க வேண்டியதில்லை. அந்தக் கடைசி வரிசை பேருக்கு வைத்ததல்ல. சராசரி உயரமுள்ள இரண்டு பெரியவர்கள் சென்னை வரை முட்டி வலிக்காமல் போகலாம். மூன்றாவது ஆள் குழந்தையாக இருந்தால் நல்லது. கூரையில் இருக்கும் ஏசி துவாரங்கள் அக்னி நட்சத்திர மத்தியானத்திலும் பின்னால் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்கின்றன. பெரிய கண்ணாடிக் கூரையின் திரையை நம் வெயிலுக்குச் சாயங்காலம்தான் திறக்க முடிகிறது.

சாமான் விஷயத்தில் கவனம் தேவை. மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் பின்னால் 300 லிட்டர்தான் இடம். விற்ற செடானின் டிக்கியே இதைவிடப் பெரியது! ஏழு பேர், ஏழு பை என்று புறப்பட்டால் மடியில் ஒன்றிரண்டு பை ஏறும். கடைசி வரிசையை மடக்கினால் 991 லிட்டர். மணிலா மூட்டையே போடலாம், ஆனால் அப்போது ஆள் நான்குதான்.

ஓட்டும்போது

ஹைப்ரிட் என்றால் பிளக் செருக வேண்டுமா என்று இன்னும் கேட்கிறார்கள். வேண்டாம். 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து 186 பி.எஸ். சக்தி தருகின்றன. பிரேக் பிடிக்கும்போதும் சரிவில் இறங்கும்போதும் வீணாகும் வேகத்தை மின்சாரமாக்கி முன் இருக்கைகளுக்கு அடியில் உள்ள பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் அணைந்து மோட்டார் மட்டும் இழுக்கும். மேம்பாலத்தடி நெரிசலில் பாதி நேரம் வண்டியில் சத்தமே இல்லை.

இரு வழிச் சாலையில் இதன் குணம் நன்றாகத் தெரிகிறது. முன்னால் கரும்பு டிராக்டர் ஊர்கிறது, எதிரே கொஞ்சம் இடைவெளி. மிதித்ததும் மோட்டார் யோசிக்காமல் தள்ளுகிறது. அதே மிதியை நெடுஞ்சாலையில் முழுதாக அழுத்தினால் எஞ்சின் ஒரே சுருதியில் அலறும். வேகம் அதற்குப் பிறகுதான் வரும். செடானில் இருந்து வருபவருக்கு இது எரிச்சல்தான். ஸ்டீயரிங்கில் உயிர் குறைவு. 18 அங்குலச் சக்கரம் சிறு பள்ளங்களை மெதுவேகத்தில் உள்ளே சொல்லிவிடுகிறது. ஆள் ஏறினால் அடங்கிவிடும். வேகத்தடை பற்றிய பயம் மட்டும் போயே போய்விட்டது.

உள்ளே தொட்டுப் பார்த்தால் விலைக்கு ஏற்ற தரம் இல்லை. கண் படும் இடத்தில் மென்மை, கை படும் இடத்தில் கெட்டிப் பிளாஸ்டிக். கேமரா படம் மங்கல். பன்னிரண்டு வயது செடானின் உள் அலங்காரம் இதைவிட உயர்வாக இருந்தது. பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. 2025-ல் பாரத் என்கேப் சோதனையில் ஹைக்ராஸ் 5 நட்சத்திரம் பெற்றது.

எரிபொருளும் பணிமனையும்

நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். எங்கள் கையில் ஊரும் டவுனும் கலந்த ஓட்டத்தில் 17 முதல் 19 வரை வருகிறது. ஆள் நிறைந்து, ஏசி போட்டு, நூறைத் தாண்டினால் 14, 15-க்கு இறங்கும். மெதுவாகப் போனால் அதிகம் தரும் வண்டி இது; நெடுஞ்சாலையில்தான் குறையும். நல்ல டீசல் செடானுக்கும் இதற்கும், பெட்ரோலின் கூடுதல் விலையையும் சேர்த்துப் பார்த்தால், எரிபொருள் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. மைலேஜுக்காக மாற்றுகிறேன் என்று யாரும் ஏமாற வேண்டாம்.

இன்னொரு நம்பிக்கையையும் திருத்த வேண்டும். 'இன்னோவாதானே, எந்த மெக்கானிக்கும் பார்ப்பான்' என்பது டீசல் இன்னோவாவுக்குப் பொருந்தும். ஹைக்ராஸில் ஆரஞ்சு நிற உயர் அழுத்த வயரைத் தொட ரோட்டோர மெக்கானிக்கை விடக் கூடாது. கம்பெனி பணிமனைக்குத்தான் போக வேண்டும். நல்லவேளை, எங்களுக்கு அது சென்னையைவிடப் பக்கத்தில். ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. பேட்டரி குளிர்வதற்குக் காற்று இழுக்கும் துவாரம் உள்ளே இருக்கிறது. அதைப் பையால் அடைத்துவிடாதீர்கள். இருக்கைக்கு அடியில் பேட்டரி இருக்கும் வண்டியை மழைக்காலத்தில் ஆழம் தெரியாத தண்ணீரில் இறக்கவும் வேண்டாம்.

யார் மாற்றலாம்?

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரே 40 சதவீதம் ஆனது. ஹைப்ரிட்டுக்கு முன்பு செஸ் சேர்த்து 43 என்பதால் இறக்கம் கொஞ்சம்தான். மாநிலப் பக்கம் ஏற்றம்: 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். ஷோரூம் விலை 30 லட்சம் என்றால் வரி மட்டும் 6 லட்சம். எங்கள் செடான் விற்ற பணத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வரியிலேயே போயிற்று.

அதனால் கணக்கை மைலேஜில் தொடங்காமல், வாரத்தில் எத்தனை முறை ஆறு பேர் சேர்ந்து போகிறீர்கள் என்பதில் தொடங்குங்கள். தீபாவளி, பொங்கல், ஒரு கல்யாணம் என்று வருடத்துக்குச் சில பயணம்தான் என்றால், செடானை வைத்துக்கொண்டு அந்த நாட்களுக்கு வாடகை இன்னோவா எடுங்கள். டிரைவர் பேட்டா கொடுத்தாலும் வங்கி வட்டியைவிடக் குறைவுதான். அடிக்கடி குடும்பமாகப் போக வேண்டும், பட்ஜெட் பாதிதான் என்றால் எர்டிகா போதும். கடைசி வரிசையில் பிள்ளைகள் உட்காரட்டும். வருடம் முழுக்க நெடுஞ்சாலை ஓட்டம், மேனுவல் கியருக்கும் சம்மதம் என்றால் டீசல் கிரிஸ்டா. ஹைக்ராஸ் பிடித்து, சின்னம் எதுவானாலும் சரி என்பவர்கள் அதே ஆலையில் உருவாகி 2023 ஜூலையில் வந்த மாருதி இன்விக்டோவையும் ஓட்டிப் பார்க்கலாம்.

வீட்டில் முட்டி வலியுள்ள பெரியவர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகள், வாரம் தவறாத பயணம், செடானின் பணிமனை நூறு கிலோமீட்டருக்கு அப்பால். இந்த நான்கும் பொருந்தினால் தயங்காமல் மாற்றுங்கள். ஓட்டும் சுகத்தில் ஒரு பங்கை இழப்பீர்கள். அதை ஈடுகட்ட ஹைக்ராஸ் முயல்வதுகூட இல்லை. ஸ்டீயரிங் பிடிப்பவர் ஒருவர், உடன் வருபவர்கள் ஆறு பேர். எங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு அந்தக் கணக்கில்தான் முடிந்தது.