முதலாளி கஞ்சன் என்றால் போதுமா?

ஜான் செய்ல்ஸ் இயக்கிய 'எய்ட் மென் அவுட்' (1988) படத்தை மறுபடி பார்த்தேன். 1919-ல் பேஸ்பால் உலகத் தொடரைச் சூதாடிகளுக்கு விற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்களின் கதை. மனசில் நிற்பவர் எடி சீகாட். பிட்ச்சர், அதாவது நம் கிரிக்கெட் பௌலர் மாதிரி. டேவிட் ஸ்ட்ராத்தேர்ன் அதிகம் பேசாமலே பிரமாதமாகச் செய்திருக்கிறார்.

படத்தில் சீகாட்டுக்கு 30 ஆட்டம் ஜெயித்தால் 10,000 டாலர் போனஸ். முதலாளி கமிஸ்கி 'ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று உட்காரவைக்க, கணக்கு 29-ல் நின்றுபோகிறது. போனஸ் கிடையாது. மனுஷன் வெறுத்துப்போய்ச் சூதாடிகளிடம் கை நீட்டுகிறார். நமக்கும் 'பாவம், வேறென்ன செய்வான்?' என்று தோன்றிவிடுகிறது.

அங்கேதான் இடிக்கிறது. 29 வெற்றி நிஜம். ஆனால், 30-க்கும் அவருக்கு வாய்ப்பு இருந்தது. செப்டம்பர் 24-ல் ஆட இறங்கி, அணி பின்தங்கியிருந்தபோது வெளியேறினார். படத்துக்கு மூலமான அஸினாஃப் புத்தகத்திலேயே (1963) இந்தப் போனஸ் சமாசாரம் 1917-ல் வருகிறது! பிற்பாடு கிடைத்த சம்பளக் கணக்குகளின்படி ஒயிட் சாக்ஸ், லீகிலேயே அதிகச் சம்பளம் கொடுத்த அணிகளில் ஒன்று. கமிஸ்கி உத்தமர் என்று சொல்லவில்லை. ஆனால், இந்தப் பழி அவருடையதல்ல.

நிஜ சீகாட் இன்னும் சிக்கலானவர். வயசு 35. பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, முதல் ஆட்டத்தில் எதிரணியின் முதல் ஆள் முதுகிலேயே பந்தை அடித்தார். சூதாடிகளுக்கு அதுதான் சிக்னல். அந்த ஆட்டம் 9-1 என்று போச்சு. நான்காவது ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் இரண்டு தப்பு. ஏழாவதில் அருமையாக ஆடி ஜெயித்தும் கொடுத்தார். ஏன்? படம் தோண்டியிருக்க வேண்டிய இடம் இது. கஞ்ச முதலாளி கிடைத்ததும் கேள்வியை விட்டுவிட்டார்கள்.

1920-ல் ஒப்புக்கொண்டார். 1921-ல் கோர்ட் விடுவித்தும் ஆயுள் தடை. 208 வெற்றிகளோடு ஆட்டம் முடிந்தது. ஃபோர்டு கம்பெனியில் வேலை, அப்புறம் ஸ்ட்ராபெரி பண்ணை. 1969-ல் இறந்தார். 2025-ல் தடையை நீக்கிவிட்டார்கள்.

தப்புக்குக் காரணம் தேடலாம், தப்பில்லை. காரணத்தைத் தயாரித்துக் கொடுத்தால், தப்பு செய்தவனும் பாதி மனுஷனாகிவிடுகிறான்.