நாற்காலியை நகர்த்தும் உரிமை

சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் புதிதாகத் திறக்கும் அலுவலகங்களில் ஊஞ்சல் ஒரு தொற்றாகிவிட்டது. போன மாதம் ஓர் இடத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்ததுபோல் பித்தளைச் சங்கிலி போட்ட தேக்குப் பலகை. பின்சுவர் முழுக்க அச்சடித்த கோலம், அதன்மேல் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று நியான் விளக்கில் எழுத்து. மீட்டிங் அறைகளுக்கு வைகை, பொதிகை என்று பெயர். நான் இருந்தவரை ஊஞ்சலில் ஊழியர் ஒருவரும் உட்காரவில்லை. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். “விசிட்டர்ஸ்தான் சார், போட்டோ எடுத்துக்குவாங்க” என்றார்.

நிறுவனத்தின் பண்பாட்டை உள்ளலங்காரத்தில் காட்டுவது என்பது இதுதான். சுவரைப் பார்த்தாலே அங்கே வேலை செய்கிறவர்களின் மனம் தெரிந்துவிடும் என்று இன்டீரியர் நிறுவனங்கள் சொல்கின்றன, ஹெச்.ஆர். துறைகள் தலையாட்டுகின்றன, ஆண்டுதோறும் இதற்கு விருதும் கொடுக்கிறார்கள்.

இடம் மனிதரை மாற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. வெளிச்சமும் காற்றும் வந்தால் வேலை இலகுவாகும். அமேசானின் தொடக்க நாட்களில் கதவுப் பலகைக்குக் கால் வைத்து மேசையாக்கினார்களே, அது நேர்மையான பொருள். கையில் காசு குறைவு, மேசை அப்படி வந்தது. பிற்பாடு அதையே சிக்கனத்தின் சின்னமாக்கி விருதுக்கும் பெயராக வைத்தது வேறு கதை.

சுவர் யார் குரலில் பேசுகிறது என்பதுதான் பல வருடங்களாக என்னை உறுத்தும் கேள்வி. 1906-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் லார்கின் சோப்பு நிறுவனத்துக்காக ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கூடத்தில் மேலிருந்து வெளிச்சம் கொட்டும். ரயில் புகை உள்ளே வராதபடி காற்றை வடிகட்டி அனுப்பினார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய கருணை. அதே கூடத்தின் சுவர்களில் மும்மூன்று சொற்களாக நற்குணங்களைப் பொறித்துவைத்தார்கள். அவற்றில் ஒரு வரிசை: அறிவு, உற்சாகம், கட்டுப்பாடு. கீழே எழுத்தர்கள் உட்கார்ந்த இரும்பு நாற்காலிகளில் பல மேசையோடே பிணைக்கப்பட்டவை. ஒரு சாண் தள்ளிப் போடவும் முடியாது. மூன்று சொற்களில் எது மெய்யாகவே நடைமுறையில் இருந்தது என்பதை அந்த நாற்காலியே சொல்லிவிடுகிறது.

இந்த நோய் முற்றியது 1990-களின் நடுவில், லாஸ் ஏஞ்சலஸில். ஆப்பிளின் ‘1984’ விளம்பரத்தைச் செய்த ஷயட்/டே நிறுவனத்தின் தலைவர் ஜே ஷயட், தன் ஆட்கள் படைப்பாளிகள், அவர்களுக்குச் சொந்த மேசை எதற்கு என்று முடிவு கட்டினார். வாசலில் ராட்சத பைனாகுலர் நிற்கும் ஃபிராங்க் கெரியின் கட்டடம் அது. காலையில் வந்ததும் வரிசையில் நின்று லேப்டாப்பும் போனும் வாங்கிக்கொள்ள வேண்டும். உட்காருகிற இடம் அவரவர் சாமர்த்தியம். இருவர் தனியாகப் பேச, கேளிக்கைப் பூங்கா ராட்டினத்தின் பழைய பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. உள்ளே இருந்தவர்கள் கோப்புகளைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். ஒருவர் காகிதக்கட்டுகளைக் குழந்தைகளின் பொம்மை வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு திரிந்தார். 1998-இல் வேறு இடத்துக்குக் குடிபோனபோது எல்லோருக்கும் மேசை திரும்பிவந்தது. சுதந்திரத்தின் பெயரால் நடந்த அந்த ஏற்பாட்டில், மேசை வேண்டுமா என்று தீர்மானிக்கும் சுதந்திரம் மட்டும் ஊழியருக்கு இருக்கவில்லை.

இது என் சொந்த எரிச்சல் மட்டுமல்ல. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைட், ஹாஸ்லம் இருவரும் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெறுமையான அறையில் வேலை செய்தவர்களைவிட, செடியும் படமும் வைத்த அறையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 17 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். அதே செடியையும் படத்தையும் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ள விட்டபோது அது 32 சதவீதமானது. அப்படி அவர்கள் அடுக்கியதை ஆய்வாளரே அவர்கள் கண்முன் கலைத்து மாற்றி வைத்ததும் அந்த ஆதாயம் காணாமல் போனது. செடியும் அதே செடி, படமும் அதே படம். வைத்த கைதான் வேறு.

இதை ஆய்வில்லாமலே அறிந்திருந்தவர் நெதர்லாந்துக் கட்டடக்கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர். 1972-இல் அப்பல்டோர்ன் ஊரில் சென்ட்ரால் பெஹேர் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டியபோது, உள்ளே சாம்பல் நிறக் கான்கிரீட் கற்களைப் பூசாமலே விட்டுவிட்டார். அரைகுறை வேலை என்று தோன்றும். ஊழியர்கள் வீட்டிலிருந்து செடி, படம் என்று கொண்டுவந்து அதை நிரப்பினார்கள். அலங்கரிக்கத் தெரிந்த ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடம் அது.

நம் ஊர் வடிவமைப்பாளர்கள் சம்பளத்துக்குச் சொன்னதைச் செய்கிறவர்கள், அவர்கள்மேல் குற்றமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் விருதுக்கு அவர்கள் அனுப்பும் படங்களைப் பாருங்கள். ஒன்றிலாவது ஆள் இருக்கிறதா? ஒயரும் சாப்பாட்டுப் பையும் வந்து சேர்வதற்கு முன், குடிபுகாத வீட்டைப்போல எடுத்த படங்கள். அதில் இருப்பது யாருடைய பண்பாடு? சமத்துவம் காட்டக் கேபின் சுவர்களைக் கண்ணாடியாக்கிவிட்ட அலுவலகங்களில், ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் பின்படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்துவிட்டேன். வரைபடத்தில் ஊஞ்சலுக்கு இடம் இருந்தது, அவர்களுக்கு இல்லை.

ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே சேலை விரித்துக் காட்டிய பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. அந்த ஸ்டூலை எந்த உள்ளலங்கார நிபுணரும் கொண்டுவரவில்லை, எந்த முதலாளியும் தன் கடையின் பண்பாடு என்று தானாக வாங்கிப் போடவில்லை. ஊஞ்சல் மாட்டியவர்களிடம் நியாயமாகக் கேட்கக்கூடியது இதைவிடக் குறைவானதுதான்: தன் நாற்காலியைத் தானே நகர்த்திப் போட்டுக்கொள்ளும் உரிமை.

ஆயுத பூஜை அன்று அலுவலகத்தில் அவரவர் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். பொரி, கடலை பங்குபோட்டு மேசையெல்லாம் சிதறிக் கிடக்கும். தினமும் இடம் மாறி உட்காரும் ஹாட் டெஸ்க் முறை வந்த பிறகு, எந்த மானிட்டருக்குப் பொட்டு வைப்பது? ஹெச்.ஆர். ஏற்பாட்டில், அச்சடித்த கோலத்துக்கு முன்னால், போட்டோகிராபரோடு ஒரே பூஜையாக முடித்துவிடுகிறார்கள். என் நண்பர் ஒருவர் லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்திருந்தார். வேலையை விட்டு விலகி அதை ஐ.டி. பிரிவில் ஒப்படைத்தபோது, துடைத்துவிட்டுத் தரச் சொன்னார்களாம்.