பசியும் சிரிப்பும்

தரித்திரத்தைக் காட்டி அழவைப்பது சுலபம். நானே பல கதைகளில் அதைச் செய்திருக்கிறேன். கிழிந்த புடவை, காலிப் பானை, இருமிக் கொண்டிருக்கும் தகப்பன் - வரிசையாக அடுக்கினால் வாசகர் கண் கலங்கிவிடும். தரித்திரத்தைக் காட்டிச் சிரிக்கவைப்பது அப்படியல்ல. அடி சற்றுத் தவறினால் ஏழையைப் பார்த்துச் சிரித்த பாவம் நம்மைச் சேரும்.

மெக்ஸிகோவில் ரொபெர்த்தோ கோமெஸ் பொலான்யோஸ் எழுதி நடித்த ‘எல் சாவோ தெல் ஓச்சோ’ என்ற டெலிவிஷன் தொடர் அந்தப் பாவத்துக்கு ஆளாகவில்லை என்பது என் கட்சி. 1970களில் லத்தீன் அமெரிக்கா முழுவதையும் சிரிக்கவைத்த தொடர் அது. நடுவிலே முற்றம், சுற்றிலும் ஒண்டுக் குடித்தனங்கள், களம் அவ்வளவுதான். கதாநாயகன் எட்டு வயது அநாதை. ‘சாவோ’ என்றால் அவர்கள் பேச்சில் பையன். அவனுடைய சொந்தப் பெயர் கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. துக்கம் வந்தால் முற்றத்திலுள்ள பீப்பாய்க்குள் புகுந்து கொள்வான். அவன் லட்சியமெல்லாம் இறைச்சித் துண்டு வைத்த ஒரு ரொட்டி.

அடிதடிக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அடி எப்படிப் பயணம் செய்கிறது என்று கவனியுங்கள். தன் மகன் அழுதால் தோன்யா ஃப்ளோரிந்தா விசாரணையே இல்லாமல் தோன் ரமோனை அறைகிறாள்; இந்தக் கும்பலோடு சேராதே என்று மகனை இழுத்துப் போகிறாள். அவளும் அதே முற்றத்தில் குடியிருப்பவள்தான்! தோன் ரமோனோ 14 மாத வாடகை பாக்கி வைத்திருப்பவன். அவளைத் திருப்பி அடிக்க முடியாதவன், பையன் தலையில் குட்டுகிறான். பையனுக்குக் கீழே யாரும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் வாசலில் காலை வைக்கும்போதெல்லாம் பையனிடமிருந்து ஓர் அடி அவர்மேல் விழுந்துவிடுகிறது. தெரியாமல்தான் பட்டது என்கிறான். நமக்கு அப்படித் தோன்றுவதில்லை. கீழே இறங்கிய அடி ஒரு சுற்றுச் சுற்றி மேலே போய்ச் சேருகிறது. கோணங்கித்தனத்துக்குள் இருக்கும் சமூக சாஸ்திரம் இது.

1973-ல் தொடர் தனி நிகழ்ச்சியானபோது பொலான்யோஸுக்கு வயது 44. நிஜமான குழந்தை குட்டு வாங்கியிருந்தால் நம்மால் சிரித்திருக்க முடியாது. வளர்ந்த மனிதன் அரைக்கால் சட்டை போட்டு நிற்பதால் சிரிக்கிறோம். ஆனால் பசி மட்டும் வேஷமாகத் தெரிவதில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. வீட்டுக்காரர் மிகவும் நல்லவர். 1977-ல் வந்த கதையொன்றில், எல்லோரும் அகாபுல்கோ கடற்கரைக்குப் போக, தனித்து நிற்கும் பையனை அவரே கூட அழைத்துப் போகிறார். மனம் நெகிழ்கிறது. அந்த நெகிழ்ச்சியிலே, பையன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்ற கேள்வி கரைந்துவிடுகிறது. தருமம் வந்ததும் நியாயம் மறந்துபோகிறது.

இருந்தாலும், திருடன் என்று பழி சுமத்தப்பட்ட பையன் சிறு மூட்டையுடன் முற்றத்தை விட்டு வெளியேறும் கட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதுவரை சிரிக்கவைத்தவன் என்பதால்தான் அந்த மூட்டை அவ்வளவு கனக்கிறது. என் கதைகளில் வரும் ஏழைகள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. அது அவர்கள் குற்றமல்ல.