சசோரிக்கு இன்னும் பத்து எபிசோட் கொடுத்திருக்கலாம்!

நருட்டோவில் பிடித்த வில்லன் யார் என்று கேட்டால் பெயின் என்பார்கள், மதாரா என்பார்கள், ஒபிட்டோ என்பார்கள். இட்டாச்சியை வில்லன் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று தனியாக ஒரு பட்டிமன்றம் ஓடும். என் ஓட்டு சசோரிக்கு. கண்ணை மூடிக்கொண்டு சசோரிக்கு. இவ்வளவு அழகாகச் செதுக்கி, இவ்வளவு அவசரமாகத் தூக்கிப்போட்ட இன்னொரு கதாபாத்திரத்தை நான் எந்த அனிமேயிலும் பார்த்ததில்லை.

மசாஷி கிஷிமோட்டோவின் 'நருட்டோ' மாங்கா 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயம் வந்தது. அதன் பின்பாதியை வைத்து 2007-இல் தொடங்கிய 'நருட்டோ ஷிப்புடென்' 500 எபிசோட் ஓடியது. அதில் சசோரி உயிரோடு முதல் முப்பதைத் தாண்டவில்லை. ஐந்நூறில் முப்பது! என் வயிற்றெரிச்சல் இங்கேதான் ஆரம்பம்.

முதலில் அவன் வருகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கூன் விழுந்த, தரையோடு தரையாக ஊர்கிற ஓர் உருவம். அகாட்சுகி என்ற வில்லன் கும்பலின் கறுப்பு அங்கி, சிவப்பு மேகம். முகத்தின் கீழ்ப்பாதியைத் துணி மறைத்திருக்கும். பின்னால் விஷம் தோய்த்த தேள்வால். பக்கத்தில் டெய்டாரா, வாய் ஓயாத பையன். இரண்டு பேரும் மணல் கிராமமான சுனாவின் தலைவன் காராவைத் தூக்கப் போகிறார்கள். போகிற வழியெல்லாம் கலையைப் பற்றி வாய்த்தகராறு. வெடித்து ஒரு நொடியில் மறைவதே கலை என்பது டெய்டாராவின் கட்சி. அழியாமல் நிலைத்து நிற்பதுதான் கலை என்பது சசோரியின் கட்சி. நடுநடுவே சசோரி எரிந்து விழுவான்: காத்திருப்பது எனக்குப் பிடிக்காது, சீக்கிரம் வா. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது ஒரு சிடுமூஞ்சியின் சிடுசிடுப்பு, அவ்வளவுதான். பின்கதை தெரிந்த பிறகு பாருங்கள், அதே வசனம் நெஞ்சில் தைக்கும். காரணத்துக்கு வருகிறேன்.

காராவை மீட்க வருகிறவர்களோடு சண்டை நடப்பது ஒரு குகைக்குள். எதிரே இரண்டு பேர்: கொனோஹா கிராமத்தின் சக்குரா, சசோரியின் சொந்தப் பாட்டி சியோ. கூன் உருவத்தை சக்குரா ஒரே குத்தில் உடைக்கிறாள். உடைந்தது வெறும் கூடு, ஹிருக்கோ என்ற பொம்மை. உள்ளே இருந்து எழுந்து நிற்கிறவனைப் பார்த்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். செம்பட்டை முடி, பால் வடியும் முகம், அரைத்தூக்கத்தில் இருக்கிற மாதிரி கண். வயது 35. ஆனால் இருபது வருடத்துக்கு முன்னால் கிராமத்தை விட்டு ஓடியபோது இருந்த அதே முகம். பேரன் கொஞ்சம்கூட மாறவில்லையே என்று சியோவே வாயடைத்துப் போகிறாள். ஜப்பானிய மொழியில் இவனுக்குக் குரல் கொடுத்தவர் தகாஹிரோ சகுராய். ஏற்ற இறக்கமே இல்லாமல், மழை வருமா என்று கேட்கிற தொனியில் கொலையைப் பற்றிப் பேசுகிறார். டப்பிங் தேவையே இல்லை, சப்டைட்டிலோடு அந்தக் குரலைக் கேளுங்கள்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான் பாருங்கள்! உயிரோடு இருந்தவர்களைக் கொன்று பொம்மையாக்கியது மொத்தம் 298. சியோவையும் சக்குராவையும் சேர்த்தால் முந்நூறாகும் என்று கூசாமல் கணக்குச் சொல்கிறான். அவனுக்கு மிகவும் பிடித்தது சுனாவின் மூன்றாம் கசகாகே, ஊரே தேடியும் கிடைக்காத தலைவர். இரும்பு மணலை ஆட்டிப்படைக்கும் அந்த ஆற்றல் பொம்மையான பிறகும் அப்படியே வேலை செய்கிறது. அதையும் சக்குரா நொறுக்கியதும் அங்கியைக் கழற்றுகிறான். அவனும் பொம்மை. தன்னைத் தானே அறுத்து, பொருத்தி, மரமாக்கிக்கொண்டிருக்கிறான். இடது மார்பில் ஓர் உருளைக்குள் மட்டும் கொஞ்சம் சதை மிச்சம்.

'பத்துக்கு நூறு' சண்டை அப்போது தொடங்குகிறது. விரலுக்கு ஒன்றாகச் சியோ பத்துப் பொம்மைகளை இறக்குகிறாள், பத்தும் வெள்ளை உடையில். சசோரியின் மார்பு திறந்து நூல்கள் கிளம்ப, சிவப்பு அங்கியில் நூறு பொம்மைகள் வானத்தை அடைக்கின்றன. சியோவின் பத்துக்கும் சிகமட்சு என்று பெயர். நிஜ ஜப்பானில் பொம்மலாட்டத்துக்கு நாடகம் எழுதிய மேதை சிகமட்சு மொன்சாஎமோன் (1653–1725) நினைவாக வைத்தது. அந்தக் கலையின் இன்றைய வடிவமான புன்ராக்குவில் முக்கியமான ஒரு பொம்மையை மூன்று பேர் சேர்ந்து இயக்குவார்கள். தலையும் வலக்கையும் ஒருவர் பொறுப்பு, இடக்கை இன்னொருவர், கால்கள் மூன்றாமவர். மூன்று பேரும் ஒரே மூச்சில் இயங்கினால்தான் பொம்மைக்கு உயிர் வரும். இங்கே ஒரே ஆள், நூறு பொம்மை. கூட நின்று பிடிக்க ஒரு கை இல்லை. கிஷிமோட்டோ இதை யோசித்துத்தான் செய்தாரா தெரியாது, எனக்கு அந்தக் காட்சியின் பிரமாண்டத்தைவிட அதிலிருந்த தனிமைதான் கண்ணில் பட்டது.

சரி, ஃப்ளாஷ்பேக். சின்ன வயதில் சசோரியின் அப்பாவும் அம்மாவும் போருக்குப் போய்த் திரும்பவில்லை. கொன்றவர் 'கொனோஹாவின் வெண்கோரைப்பல்' என்று பேர்பெற்ற சகுமோ ஹத்தாகே. பையன் எப்போது வருவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். பாட்டிக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. காத்திருப்பது பிடிக்காது என்று பின்னாளில் எரிந்து விழுந்தவன் எங்கிருந்து வந்தான், புரிகிறதா? பேரனின் மனதைத் திருப்ப சியோ பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்கிறாள். கைத்திறன் அபாரம். அவன் முதலில் செய்தவை அம்மா பொம்மையும் அப்பா பொம்மையும். இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கிறான். தன் விரலில் கட்டிய சக்ரா நூலை, உள்ளாற்றலால் ஆன அந்த நூலை, தானே இழுக்கிறான். நான்கு மரக்கைகள் வந்து அவனை அணைக்கின்றன. பையன் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. கண் மட்டும் விரிந்து இருக்கிறது. சில விநாடிதான் அந்தக் காட்சி. எத்தனையோ அனிமேக்களில் வில்லனின் சோகக்கதையைப் பார்த்தாகிவிட்டது, இந்த விநாடிகளின் பக்கத்தில் எதுவும் நிற்காது. தன்னை அணைக்க வேண்டிய கையைத் தானே இழுத்துக்கொள்கிற குழந்தை!

கடைசி அடியும் அந்தப் பொம்மைகளிடமிருந்துதான் வருகிறது. சியோ அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து போருக்குக் கொண்டுவந்திருக்கிறாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு வாளும் மார்பிலிருக்கும் சதையில் இறங்குகின்றன. உடல் விட்டு உடல் தாவிப் பிழைக்கத் தெரிந்தவன், அந்த வீச்சு வருவதைப் பார்த்தவன், ஒரு கணம் அசையாமல் நிற்கிறான். தப்பித்திருக்க முடியும், ஏனோ தயங்கினான் என்று சியோவே பிறகு சொல்கிறாள். சாகும்போது பொம்மைகள் இரண்டும் அவன்மேல் சாய்ந்து, பழையபடி அணைத்த கோலத்தில் கிடக்கின்றன. நானாக இருந்தால் இதை எழுதிவிட்டு அன்றைக்கே பேனாவை மூடி வைத்து ஓய்வு பெற்றிருப்பேன்.

அப்புறம் எதற்கு இந்தப் புலம்பல் என்பீர்கள். ஆரம்பத்தையும் முடிவையும் இப்படி எழுதியவர்கள் நடுவை அம்போ என்று விட்டுவிட்டார்களே! அம்மாவின் அணைப்புக்குப் பொம்மை செய்த பையன், மனிதர்களை அறுக்கிறவனாக மாறியது எந்த ராத்திரி? மூன்றாம் கசகாகேயை ஏன் தேர்ந்தெடுத்தான்? தன் உடம்பில் முதலில் எந்தக் கையை வெட்டினான், வலித்ததா? ஒன்றுக்கும் பதில் இல்லை. உணர்ச்சியே இல்லாதவன் நான் என்று அவன் சொல்கிறான், கதையும் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்கவே முடியாதது ககாஷி விஷயம். சகுமோ ஹத்தாகேயின் மகன் ககாஷி அதே குகைக்குள் சசோரிக்கு எதிரில் வந்து நிற்கிறான்! சுனாவில் ககாஷியைப் பார்த்ததுமே அவன் அப்பா என்று நினைத்து சியோ பாய்ந்தாள். கதையே திரியைக் கிள்ளி வைத்திருக்கிறது. பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி. அதுவும் இந்தச் சகுமோ யார்? தோழர்களைக் காப்பாற்றப் பணியைப் பாதியில் விட்டு வந்ததற்காக ஊரே தூற்ற, தற்கொலை செய்துகொண்டவர். ஆக ககாஷியும் அப்பாவை இழந்த பையன்தான். ஒரே மனிதரால் அநாதையான ஒருவன், அதே மனிதரை இழந்து அநாதையான இன்னொருவன், பத்தடி தூரத்தில். ஒரு வார்த்தை? ஒரு முறைப்பு? கிடையாது. டெய்டாரா காராவின் உயிரற்ற உடலோடு பறக்க, ககாஷியும் கதாநாயகன் நருட்டோவும் பின்னாலேயே ஓடிவிடுகிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்து நான் கத்தியதில் வீட்டில் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள்.

பின்னால் வந்த பெயினுக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள்! நருட்டோ எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் கதை கேட்டான். ஒபிட்டோவின் பால்யத்துக்கு எபிசோட் எபிசோடாக ஒதுக்கினார்கள். சசோரியிடம் உட்கார்ந்து கதை கேட்க ஆளில்லை. முதலில் வந்த பாவத்துக்குப் பலி.

போனால் போகிறது என்று பிறகு கொஞ்சம் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். கொமுஷி என்ற பால்ய நண்பனைப் பற்றி அனிமேயில் மட்டும் ஓர் எபிசோட் சேர்த்தார்கள். நல்ல எபிசோட்தான், வர வேண்டிய காலத்தில் வரவில்லை. நான்காம் நிஞ்ஜா உலகப் போரில் கபுட்டோ என்ற வில்லன் சசோரியை உயிர்ப்பித்து அனுப்ப, எதிரே காராவின் அண்ணன் கான்குரோ. கான்குரோவின் பொம்மைகளே ஒரு காலத்தில் சசோரி செய்தவை. போதாததற்கு சசோரியின் பழைய மர உடம்பையே பழுதுபார்த்து அவனுக்கு எதிராக ஆட்டுகிறான்! கடைசியில் சசோரி அம்மா பொம்மையையும் அப்பா பொம்மையையும் கான்குரோவிடம் ஒப்படைத்து, உனக்குப் பிறகு வருகிறவர்களுக்குக் கைமாற்று என்று கேட்டுக்கொண்டு போகிறான். அங்கே நான் அழுதேன், மறுக்கவில்லை. ஆனாலும் போரின் இரைச்சலுக்கு நடுவில் அவசர அவசரமாக முடித்த காட்சி அது.

சியோ பாட்டியின் கதை இதைவிட நிறைவு. தன் உயிரைக் கொடுத்து இன்னொருவரை எழுப்பும் வித்தை ஒன்றை அவள் உருவாக்கி வைத்திருந்தாள். பேரனுக்காக, பொம்மைக்கு உயிர் கொடுக்கலாம் என்று உருவாக்கியது. கடைசியில் அந்த வித்தையால் எழுந்தவன் காரா, அதே ஊரில் அன்பில்லாமல் வளர்ந்த இன்னொரு பையன். இந்த ஒரு முடிச்சை வைத்தே தனிப்படம் எடுக்கலாம்.

எடுக்கட்டுமே! இட்டாச்சிக்கும் ககாஷிக்கும் பக்கக்கதைகள் எடுத்தவர்களுக்கு இது பெரிய வேலையா? சுனாவில் தொடங்கட்டும், வாசலில் உட்கார்ந்திருக்கும் பையனில் தொடங்கட்டும், 15 வயதில் ஊரைவிட்டு ஓடும் இரவில் முடியட்டும். சண்டை ஒன்றுகூட வேண்டாம். பட்டறையில் அவன் மரம் செதுக்குவதை மட்டும் காட்டினாலும் பத்து எபிசோடையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவேன். சகுராயையே பேசவைத்தால் இன்னும் உத்தமம்.