சித்தப்பா பிடிக்கிற பேட்

குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதருக்கு மிட்ஸ் பிடித்துப் பழக்கியவர் அவருடைய சித்தப்பா ரோஜர். இந்தச் செய்தியை எங்கிருந்தோ கண்டுபிடித்து வந்த அண்ணன் மகள், போன மே மாதம் ஓர் அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தாள்.

“அவருக்கு அவரு சித்தப்பா. எனக்கு நீங்க. சும்மா கையில மாட்டிக்கிட்டு நில்லுங்க, போதும். நான் அடிச்சுக்கிடுதேன்.”

சும்மா நிற்கிற வேலை இல்லை என்பது முதல் ரவுண்டு முடிவதற்குள் தெரிந்துபோயிற்று. குற்றாலம் ஐந்தருவி சாலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், வாரத்துக்கு நான்கு மாலை, மூன்று மாதம் அந்த மிட்ஸ் ஜோடியைப் பிடித்த கைதான் இதை எழுதுகிறது. அடித்த கை எழுதினால் விமர்சனம் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் பொருள். ஃபோகஸ் மிட்ஸ் (பேட் என்றும் சொல்வார்கள்) என்பது உள்ளங்கையில் மாட்டிக்கொள்கிற மெத்தை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், பனையோலை விசிறியின் வடிவம். பின்பக்கம் விரல்களை நுழைக்க உறை, மணிக்கட்டைச் சுற்ற வெல்க்ரோ பட்டை, உள்ளங்கை இறுக்கிக்கொள்ள ஓர் உருண்டை. முன்பக்கம் நடுவில் வெள்ளை வட்டம். குறி அங்கேதான். எங்களுடையது 1,450 ரூபாய். மேலே ரெக்சின், உள்ளே அடுக்கடுக்காக ஸ்பாஞ்சு, லேசாக உள்வளைந்த வகை. மளிகைக்கடைத் தராசில் வைத்தபோது ஒன்று 310 கிராம் காட்டியது. ஆறாவது ரவுண்டில் அந்தத் தராசின் மேல் சந்தேகம் வரும்.

தொங்கவிட்ட பஞ்சிங் பேக்கை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். கோபித்துக்கொள்ளாது, ஒளிந்துகொள்ளாது, திருப்பி அடிக்காது. அதனாலேயே அதில் கற்றுக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. மிட்ஸ் ஏறும், இறங்கும், அரை வினாடி முகம் காட்டிவிட்டு மறையும். கண் பார்த்து, கால் தூரத்தைச் சரிசெய்து, கை போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்த குறி வேறிடத்தில் இருக்கும். பல ஜிம்களில் இதற்கு எண் வைத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் முன்கை ஜாப், இரண்டு பின்கை கிராஸ், மூன்று முன்கை ஹூக், நான்கு பின்கை ஹூக், ஐந்தும் ஆறும் கீழிருந்து மேலே வரும் அப்பர்கட். நான் எண் சொல்ல வேண்டும், அவள் அடிக்க வேண்டும். “ஒண்ணு ரெண்டு… ஒண்ணு ஒண்ணு ரெண்டு…” கீழ்வீட்டு ஆச்சி முதல் வாரம் முழுவதும் நாங்கள் மாடியில் தேங்காய் எண்ணுவதாகவே நினைத்திருந்தார்.

பெட்டிக்குள் இருந்த ஒரே காகிதத்தில் ஈரத்துணியால் துடைக்கவும், வெயிலில் காயவைக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. எப்படிப் பிடிப்பது என்று ஒரு வரி இல்லை. இந்தப் பொருளின் பெரிய குறை இதுதான் என்பேன். அடிப்பதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. பிடிப்பவனை ஆணி அடித்த சுவராக நினைத்துவிட்டார்கள்.

வட சென்னையில் இந்தக் குறை தெரியாது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பேர் சொல்லிக் குத்துச்சண்டை வளர்ந்த இடம் அது. 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய தேவராஜனும் சென்னைக்காரர்தான். அங்கே பிடிக்கத் தெரிந்த கை தெருவுக்கு ஒன்று கிடைக்கலாம். தென்காசிப் பக்கம் சிலம்பம் சொல்லித்தர ஆசான் உண்டு. குத்துச்சண்டை என்றால் 2021-இல் வந்த பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம்தான் எங்கள் ஆட்களுக்கு முதல் பாடம். ஆகவே இங்கே மிட்ஸ் சித்தப்பாக்களின் கைக்குத்தான் வந்து சேரும்.

நான் செய்த முதல் தப்பு பயத்தில் செய்தது. முகத்தில் பட்டுவிடுமோ என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தோளைவிட அகலமாக விரித்துப் பிடித்தேன். அவளும் அந்த அகலத்துக்கே குத்தினாள். பத்து நாளில் அது பழக்கமாகிவிட்டது. கல்லூரியில் ஒரு பெண்ணோடு மோதவிட்டபோது ஜாப் எல்லாம் எதிராளியின் காதைத் தாண்டிப் போயிருக்கிறது.

“யாருட்டி உனக்குப் பேட் புடிக்கான்னு சார் கேக்காரு, சித்தப்பா.”

“என்ன சொன்ன?”

“பக்கத்து வீட்டு மாமான்னு சொல்லிட்டேன்.”

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மிட்ஸ் நிற்க வேண்டிய இடம் பிடிப்பவனின் தாடைக்குப் பக்கத்தில், நிஜமான முகம் இருக்கிற இடத்தில். முழங்கை மடங்கி விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். குத்து வரும்போது நாலு விரற்கடை தூரம் மட்டும் முன்னால் போய் எதிர்கொள்ள வேண்டும். போகாமல் நின்றால் கை பின்னுக்குத் தள்ளப்பட்டுத் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். ஓங்கிப் போய் அறைந்தால் வலி முழங்கையின் உள்பக்கத்தில் வந்து உட்காரும். நான் அறைகிற கட்சியில் இருந்தேன். ஜூன் இரண்டாம் வாரம் காப்பி டம்ளரைத் தூக்கும்போது முழங்கையில் ஊசி குத்தியது. ஐந்து நாள் விடுப்பு. இடது ஜாபை நேர் எதிரே நிற்கிற வலது கையால் ஏந்துவதா, குறுக்கே இடது கையால் ஏந்துவதா என்பதில் பயிற்சியாளர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. அதற்குள் நான் போகவில்லை. நேர் கைதான் எனக்கு வந்தது.

இனி சத்தம். மிட்ஸ் வாங்குகிறவர்களை விழவைப்பது இதுதான். சரியாகப் பட்டால் ‘பட்’டென்று எழும்புகிற அந்த ஓசையில் அடிப்பவளுக்குத் தெம்பு ஏறும், பிடிப்பவனுக்குப் பெருமை ஏறும். ஒரு மாதம் நானும் அதற்கு மயங்கிக் கிடந்தேன். ஒருநாள் ஐந்தருவியில் குளிக்கப் போனபோது, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் வேலையை முடிக்கிற அழகைப் பார்த்தேன். உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு முதுகில் தோளுக்குத் தோள் தட்டினார். டொப் டொப்பென்று படிக்கட்டு வரை கேட்டது. குப்புறக் கிடந்தவரோ பாதித் தூக்கத்தில் இருந்தார். குழிந்த கைக்குள் அகப்பட்ட காற்று வெடிக்கிற சத்தம் அது. வளைந்த மிட்ஸிலும் அதே கதைதான். நான் எதிர்கொண்டு அறைகிற வேகமும் அந்த ஓசையில் கலந்திருக்கிறது. அவள் குத்தின் பலத்தைத் தெரிந்துகொள்ள ஒருநாள் கையை முன்னால் கொண்டுபோகாமல், மெதுவாகத் தாங்கிப் பிடித்துப் பார்த்தேன். சத்தம் பாதியாகிவிட்டது. ஆனால் கிராஸ் மட்டும் என் குதிகால் வரை இறங்கியது. ஜாபில் ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் எதில் வேலை பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது. பின்னங்கால் திரும்புகிறது, இடுப்பு திரும்புகிறது, அதனால் கிராஸில் கனம். ஜாபை அவள் வெறும் தோளால் நீட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் மாதம் திருப்பி அடிக்கத் தொடங்கினேன். பலமாக இல்லை, தடவுகிற மாதிரி. அவள் ‘ஒண்ணு ரெண்டு’ முடித்த கையோடு மிட்ஸால் அவள் தலைக்கு மேலே ஒரு வீச்சு. குனிந்தால் தப்பித்தாள். குத்திய கையைத் தாடைக்குத் திருப்பிக் கொண்டுவர மறந்தால் கன்னத்தில் ரெக்சின் உரசும். இந்த ஒரு காரியத்துக்காகவே மிட்ஸ் வாங்கலாம். கண்ணாடி முன்னால் ஆயிரம் தடவை தாடைக்குக் காவலாகக் கையைத் தூக்கி வைத்தாலும் வராதது, ஏழெட்டு உரசலில் வந்துவிட்டது.

மேவெதர் பாணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரோஜர் பிடித்த அந்த மின்னல் வேக மிட்ஸ் வீடியோக்களை அவள் போனில் நூறு தடவையாவது பார்த்திருப்பாள். இரண்டு பேரும் நட்டுவாங்கத்துக்கு ஆடுவது போல, எண்கூடச் சொல்லாமல், டிகடிகடிக என்று போகும். அதைச் செய்து பார்க்க ஒரு வாரம் வீணாக்கினோம். தாளம் வருகிறது, தோள் இளகுகிறது, பார்க்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். ஆனால் அடுத்தது என்ன என்பது இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்த விளையாட்டு அது. சின்ன வயதிலிருந்து அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சரி. ஆறு மாத அனுபவக்காரிக்கு, எண்ணை மாற்றிச் சொல்லி ஏமாற்றுகிற சித்தப்பாதான் லாபம்.

உடற்பயிற்சி என்று பார்த்தால் இது ஏமாற்றாது. மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, இடையில் ஒரு நிமிட ஓய்வு என்பது ஒலிம்பிக் பாணிப் போட்டியின் கணக்கு. நாங்கள் ஆறு போடுவோம். போனில் மணியடிக்கிற இலவச டைமர் போதும். ஒருநாள் கைக்கடிகாரத்தை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்ததில் அவளுக்கு நாடித்துடிப்பு 181 வரை போயிற்று, எனக்கு 138. வயது 46. ஐந்தருவி வரை வேகமாக நடந்து திரும்பினாலும் எனக்கு 115 தாண்டாது. குத்தும்போது ‘ஸ்’ என்று மூச்சை விடச் சொல்லுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு குத்துகிறவர்கள் இரண்டாவது நிமிடத்தில் சுவரைப் பிடிப்பார்கள்.

கீழ்வீட்டு ஆச்சிக்கு எண்ணிக்கை விஷயம் புரிந்த பிறகு வேறு கவலை வந்தது. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குய்யா இந்த அடிதடி என்றார். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இதே ஊரில், குற்றாலக் குறவஞ்சியில், வசந்தவல்லியைப் பந்தடிக்க விட்டவர்தானே என்றேன். கண்ணும் கையும் காலும் ஒன்றாக ஓடுகிற ஆட்டம்தான் அதுவும். ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “அவ பந்தைல்லா அடிச்சா” என்றார்.

ஜூன் நடுவில் சாரல் இறங்கியதும் மிட்ஸுக்குச் சோதனை வந்தது. வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் பூந்தூறலாக விழுந்துகொண்டே இருக்கும் ஊரில் எதுவும் காயாது. விரல் உறைக்குள் போன வியர்வை அங்கேயே தங்கிவிடும். இரண்டு நாள் பைக்குள் மறந்து வைத்துவிட்டு எடுத்தபோது வந்த வாடையை எழுத்தில் வைக்க முடியாது. மாடிச் சுவரில் காற்றாட வைத்தேன். குரங்கு ஒன்று வந்து ஒரு மிட்ஸைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறியது. ஐந்தருவிக் குரங்குகள் பேரம் பேசத் தெரிந்தவை, பழம் காட்டினால்தான் பொருளைத் தரும். பழம் எடுக்க நான் உள்ளே போவதற்குள் அது மிட்ஸை ஒரு முறை முகர்ந்துவிட்டுத் தானாகவே கீழே போட்டுவிட்டது. அன்றிலிருந்து முடிந்த உடனே உறைக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்கு நேரே வைக்கிறோம். காலையில் தாளை மாற்ற வேண்டும்.

தோல் மிட்ஸ் இதைவிட மேல் என்பார்கள். திருநெல்வேலி நண்பர் ஒருவரிடம் 3,200 ரூபாய் ஜோடி ஒன்றை இரவல் வாங்கி இரண்டு வாரம் பிடித்தேன். கையில் வந்து உட்காருகிற விதம் வேறுதான். அதிர்ச்சி பரவலாக இறங்குகிறது, முழங்கை நன்றி சொன்னது. ஆனால் நாலாவது நாள் தையல் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். நெல்லை வெயிலில் வருஷக்கணக்கில் உழைத்த பொருள், இங்கே சாரலில் ஒரு வாரம் தாங்கவில்லை. துடைத்துச் சுத்தம் செய்து, மன்னிப்போடு திருப்பிக் கொடுத்தேன். சீசன் நேரத்தில் குற்றாலத்தைச் சுற்றி இருப்பவர்கள் ரெக்சினோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்ற ஊர்க்காரர்கள், வாரம் நான்கு நாள் உறுதியாகப் பிடிப்பார்கள் என்றால், தோலுக்குப் போகலாம். தட்டை வகையைவிட வளைந்த வகை புதிதாகப் பிடிப்பவருக்கு நல்லது. குத்து ஓரத்தில் நழுவாது. 800 ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் ஸ்பாஞ்சு ஒரே அடுக்குத்தான் இருக்கும். கட்டை விரலால் அழுத்தி, உள்ளங்கையில் அந்த அழுத்தம் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடிப்பவர் கையுறை இல்லாமல் வெறுங்கையில் மிட்ஸ் அடிக்கக் கூடாது. உள்ளே நாலரை மீட்டர் கைக்கட்டுத் துணியும் சுற்றியிருக்க வேண்டும். சேர்த்துக் கணக்குப் போட்டால் செலவு மிட்ஸைப் போல இரண்டு மடங்கு ஆகும்.

எங்கள் ஜோடியில் ஒன்பதாவது வாரம் வலது பட்டையின் தையல் பிரிந்தது. வாங்கிய இடத்துக்குப் படம் எடுத்து அனுப்பினோம். மாற்றித் தரும் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. தென்காசி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தார், கையில் மாட்டிப் பார்த்தார், இது என்ன செருப்பு சார் என்றார். சொன்னேன். பழைய நூலை முழுக்கப் பிரித்துவிட்டு, மெழுகு தடவிய நூலில் இரட்டைத் தையல் போட்டு, கேட்காமலே இடது பட்டையையும் தைத்துக் கொடுத்தார். அறுபது ரூபாய். எழுந்து நின்று, மாட்டிய கையை என் முன்னால் நீட்டி, “ஒண்ணு குத்திப் பாருங்க சார், தாங்குதான்னு பாப்போம்” என்றார். தாடைக்குப் பக்கத்தில், முழங்கையை மடக்கி, சரியாகப் பிடித்திருந்தார்.