வெறியாட்டும் நோய்த்தெளிவும்

அகப்பாடல்களை உளநூல் நோக்கில் ஆராய்வோருள் ஒரு சாரார், தலைவியின் பசலையையும் மெலிவையும் துயிலின்மையையும் எண்ணிக் காட்டி, அவட்கு 'மனச்சோர்வு நோய்' எனப் பெயரிட்டு அமைகின்றனர். இப்பெயரீடு பொருந்துமா என்பதை வெறித்துறைப் பாடல்களைக் கொண்டே ஆராயலாம். அப்பாடல்கள் நோயை மட்டும் கூறுவன அல்ல. நோயறியும் முறையையும் ஆராய்வன.

தலைவனைக் காணப்பெறாது தலைவி மெலிகின்றாள். தாய் கட்டுவிச்சியை வினவுகின்றாள். கட்டுவிச்சி குறி பார்த்து, முருகனால் வந்தது என்கின்றாள். வேலன் மறியறுத்து வெறியாடுகின்றான். மூவரிடையும் கருத்து வேறுபாடு இல்லை. அவர்கள் கண்ட மெலிவும் பொய்யன்று. ஆயினும் முடிபு பிழையாகின்றது. தலைவியின் நெஞ்சத்தை எவரும் வினவவில்லை. உடன்பாடு வேறு, உண்மை வேறு என்பதே இத்துறை உணர்த்தும் பொருள்.

குறுந்தொகை 362-ஆம் பாட்டில், தான் இடும் பலியைத் தலைவனின் மார்பும் உண்ணுமோ என வேலனைத் தோழி வினவுகின்றாள். நோய்முதல் அம்மார்பே என்பது குறிப்பு. நற்றிணை 34-ஆம் பாட்டு இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. இந்நோய் தன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்த முருகனையே தோழி இகழ்கின்றாள். வெறிபாடிய காமக்கண்ணியாரின் அகநானூறு 22-ஆம் பாட்டிலோ, வெறி அயர்ந்த நள்ளிரவில் தலைவன் மறைவாக வந்து முயங்குகின்றான், நோய் தீர்கின்றது, தலைவி நகுகின்றாள். வீட்டார் வெறியே மருந்தாயிற்று என எண்ணுதற்கு இடமுண்டு. நோய் தீர்ந்தமையே நோய்த்தெளிவுக்குச் சான்றாகாது என்பது அந்நகையின் உட்பொருளாம்.

இனி இக்கால முறையை நோக்குவோம். நியூயார்க்கிலும் இலண்டனிலும் உளமருத்துவர்கள் ஒத்த குறிகளுக்கு வேறு வேறு நோய்ப்பெயர் இட்டமை 1972-இல் வெளிவந்த ஒப்பாய்வால் தெளிவாயிற்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட மூன்றாம் கையேடு, பெரும்பாலான நோய்களில் காரணத்தை ஒதுக்கிக் குறிகளின் தொகையால் இலக்கணம் வகுத்தது. மருத்துவரிடை உடன்பாடு காண்பதே அதன் நோக்கம். 2013-இல் வந்த ஐந்தாம் கையேட்டின்படி, ஒன்பது குறிகளுள் ஐந்தேனும் இரு வாரம் நிலைப்பின் மனச்சோர்வு நோய் எனப்படும். அவ்வைந்தனுள் சோர்ந்த மனநிலையோ விருப்பின்மையோ ஒன்று இருத்தல் வேண்டும். உற்றாரை இழந்தார் துயருக்கு முன்னர் இருந்த விலக்கு அவ்வாண்டில் நீக்கப்பட்டது.

தொல்காப்பியரின் நெறி இதனின் வேறானது. மெய்ப்பாட்டியலில் அவர் அழுகையைக் கண்ணீரால் வரையறுக்கவில்லை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என அது பிறக்கும் களன்கள் நான்கினால் வரையறுக்கின்றார். கையேடு நீக்கிய விலக்கு இவற்றுள் இழவின்பாற் படுவது. குறி மெய்யில் தோன்றும்; அதன் பொருளோ களத்தில் உள்ளது.

அற்றேல், இக்கால மருத்துவமும் வெறியாட்டே என்பதோ எனின், அன்று. குறிகளை எண்ணுதல் மட்டும் போதாது, நோயாளியின் வரலாற்றையும் சூழலையும் ஆராய்ந்தே தெளிதல் வேண்டும் என்று அக்கையேடே கூறுகின்றது. மருத்துவர்முன் வாய்திறந்து பேசும் ஒருவர் இருக்கின்றார். வினவியும் மறுவினா எழுப்பியும் அவர் திருத்தம் பெறலாம். நம்முன் இருப்பதோ பாட்டு. திணையும் துறையும் கூற்றுமே அதன் வரலாறு. அவற்றை விடுத்துக் குறிகளை மட்டும் எண்ணும் ஆராய்ச்சியாளர், கையேட்டின் பெயரால் கழங்கு உருட்டுபவரே ஆவர்.

'நோய்' என்னும் சொல் அகப்பாடல்களில் துன்பத்தையும் குறிக்கும், காமத்தையும் குறிக்கும், பிணியையும் குறிக்கும். இம்மூன்றையும் ஒரு பெயருள் அடக்குவது விளக்கம் ஆகாது. தலைவியின் மெலிவுக்குப் பெயர் தேடுமுன், அவள் யாரை நோக்கி, எதனை மறைத்து, எதற்காகப் பேசுகின்றாள் என வினவுதல் வேண்டும். தோழி செய்தது அதுவே. திறனாய்வாளர் செய்யத்தக்கதும் அதுவே.